உம்மும்மாவின் வளவும் தங்கச்சியின் ஆறு கோழிகளும்

நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு கிழமை இருக்கும். காத்தான்குடியில் இருக்கும் என் சாச்சிக்குக் கண்ணில் சத்திர சிகிச்சை செய்திருப்பதாகச் செய்தி வந்தது. உம்மா மௌத்தான பிறகு உம்மாவின் இடத்தில் எனக்கு இருப்பவர் அவர் ஒருவர்தான். ஒரு எட்டுப் போய்ப் பார்த்து வருவோம் என்று அக்குறணையிலிருந்து புறப்பட்டேன்.

புறப்படும் நேரத்தில் மருமகள் எனக்கு ஒரு வேலை வைத்தாள். "மாமி, காத்தான்குடியில சாச்சிட மகள் கோழி வளர்க்கிறாங்கதானே. நாங்களும் பின்பக்கம் ஒரு கூடு அடிச்சி இருபது கோழி போடுவோம். கூட்டுட அளவை எழுதிக்கொண்டு வாங்க" என்றவள், தையல் மெஷின் லாச்சியில் கிடந்த அளவு நாடாவையும் எடுத்து என் கைப்பைக்குள் வைத்தாள்.

கண்டியிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பாதை எனக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கமானது. மலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கி மஹியங்கனைக்கு வந்ததும் குளிர் போய் வெக்கை அடிக்கத் தொடங்கும். பதியத்தலாவ, மஹா ஓயா என்று காடும் வயலுமாக நீண்டு, செங்கலடியில் பாதை கடற்கரைப் பக்கம் சேரும். 1990 க்குப் பிறகு பல வருடங்கள் இந்தப் பாதையில் போக எங்களுக்குத் துணிவு வரவில்லை. உம்மா தன் பிறந்த ஊரை நினைத்து அழுததெல்லாம் அந்த நாட்களில்தான். 2009 இல் யுத்தம் முடிந்த பிறகே மனதில் பயமில்லாமல் போய்வர முடிந்தது.

இந்தத் தடவை மருமகளின் பேச்சு காதில் இருந்ததால், என் கண் வழியெல்லாம் கோழிகளையே தேடியது. மஹா ஓயாப் பக்கத்தில் வீடுகளைச் சுற்றி வேலியே இல்லாத காணிகள். தாய்க்கோழி ஒன்று குஞ்சுகளோடு வைக்கோல் போரைக் கிளறிக்கொண்டிருந்தது. ஏறாவூர் தாண்டி மட்டக்களப்பு நகரமும் தாண்டி, கல்லடிப் பாலத்தில் வாவியைக் கடந்து காத்தான்குடிக்குள் நுழைந்ததும் காட்சி மாறிவிட்டது. பிரதான வீதியின் நடுவே வரிசையாக ஈச்ச மரங்கள். உள்வீதிகளில் மதிலோடு மதில், கூரையோடு கூரை. கோழி கூவும் சத்தம் கேட்கிறது, ஆனால் கோழி எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை!

நாற்பது பேர்ச் ஆறரை ஆன கதை

கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டுக்கும் இடையில் உள்ள ஒடுங்கிய மணல் நிலம்தான் காத்தான்குடி. ஊர் நீளவும் முடியாது, அகலவும் முடியாது. ஆனால் குடும்பங்கள் பெருகத்தானே செய்யும்?

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வழக்கம் வாசகச் சகோதரிகளுக்குத் தெரிந்திருக்கும். பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் முதலில் வீடு கட்ட வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். அதற்காக வேறு காணி வாங்க வசதி இல்லாதவர்கள் தங்கள் வளவையே பிரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள்.

என் உம்மும்மாவின் வளவு நாற்பது பேர்ச். கிடுகு வேலிக்குள் மா, முருங்கை, தென்னை. நடுவில் கிணறு. முப்பது கோழிக்குக் குறையாது. விடிந்ததும் கூட்டைத் திறந்துவிட்டால் மஃரிப் நேரத்தில்தான் அவை திரும்பி வரும். எங்கே மேய்ந்தன, எங்கே எச்சமிட்டன என்று யாரும் கவலைப்பட்டதில்லை. மணலும் வெயிலும் எல்லாவற்றையும் காயவைத்துவிடும்.

உம்மா மலைநாட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனதால் தனக்குரிய பங்கைத் தங்கைமார் இருவருக்கும் விட்டுக்கொடுத்தார். சாச்சிக்கு இருபது பேர்ச் வந்தது. சாச்சிக்கு மூன்று பெண்மக்கள். ஆளுக்கு ஆறரை பேர்ச் சொச்சம். அதில் வீட்டைக் கட்டிய பிறகு பின்பக்கம் மிஞ்சியது ஒரு துண்டு நிலம்.

வளவு இப்படிச் சுருங்கியது. ஆனால் எங்கள் மனதில் இருந்த கோழிக் கணக்கு மட்டும் உம்மும்மாவின் காலத்துக் கணக்காகவே இருந்துவிட்டது. தங்கச்சி சறுக்கியதும் அந்த இடத்தில்தான்.

மூடிக் கிடந்த படலை

சாச்சி நடு மகளின் வீட்டில் இருந்தார். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. என் குரலைக் கேட்டதும், "வா புள்ள" என்று கையைப் பிடித்து முகர்ந்தார். தேத்தண்ணி குடித்துச் சுகம் விசாரித்து முடிந்ததும் தங்கச்சி என்னைப் பின்பக்கம் அழைத்துப் போனாள்.

ஆறே ஆறு கோழிகள்! செம்மண் நிறத்தில் மினுமினுத்துக்கொண்டு மணலில் குழி பறித்துக் குளித்துக்கொண்டிருந்தன. நான் எதிர்பார்த்த நாற்றமும் இல்லை, ஈயும் இல்லை. "இவ்வளவுதானா? நிறைய வைத்திருந்தாய் என்று கேள்விப்பட்டேனே" என்றேன். தங்கச்சி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் கதையைச் சொன்னாள்.

2022 இல் நாடு பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். கேஸ் இல்லை, பால்மா இல்லை. முந்திய வருடம் இரசாயனப் பசளையைத் தடை செய்ததால் சோள விளைச்சல் விழுந்து, கோழித்தீனின் விலை ஏறிவிட்டது. முட்டை ஒன்று ஐம்பது ரூபாவைத் தாண்டியது. 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தோம். வீட்டிலே எதையாவது வளருங்கள், நடுங்கள் என்று அரசாங்கமே சொன்னது. தோட்ட வேலைக்கென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவும் கொடுத்தார்கள்.

அந்த நேரத்தில் தங்கச்சியும் இருபது கோழி வாங்கினாள். நான்கு அடி அகலமும் ஆறு அடி நீளமும் கொண்ட ஒரு கூடு. அதுவும் கிணற்றடிக்குப் பக்கத்தில். முதல் இரண்டு மாதம் பகலில் வெளியே விட்டாள். அவை மதிலைத் தாண்டிப் பறந்து மூத்தவளின் வளவுக்குள் போயின. அங்கே கொடியில் காய்ந்துகொண்டிருந்த தொழுகைப் புடவையில் எச்சமிட்டன. ஒரு தடவை என்றால் பொறுக்கலாம். திரும்பத் திரும்ப நடந்தால் யார்தான் பொறுப்பார்?

"ராத்தா ஏசினாவு. நானும் ரோசத்தில கோழியெல்லாத்தையும் கூட்டுக்குள்ளயே அடச்சிப் போட்டன். அதுதான் நான் செஞ்ச பெரிய பிழை" என்றாள் தங்கச்சி.

இருபத்து நான்கு சதுர அடிக்குள் இருபது கோழி. ஒன்றுக்கு ஒரு சதுர அடிக்குச் சற்றுக் கூட. இரவில் உட்கார ஆறு அடியில் ஒரே ஒரு கம்பு. இருபதில் எட்டுக்குத்தான் அதில் இடம். மற்றவை எச்சத்தின் மேல் படுத்தன. ஒரு மாதத்தில் ஒன்றின் வால் இறகை ஒன்று பிடுங்கத் தொடங்கியது. இரத்தம் கண்ட இடத்தைக் கோழிகள் விடாது. ஒருநாள் சுபஹுக்குப் பிறகு போய்ப் பார்த்தால், ஒரு கோழியை மற்றவை கொத்திக் குதறிப் போட்டிருந்தன. கண் எரியும் நெடி. ஈ மொய்த்து மூத்தவளின் குசினி வரைக்கும் போனது. முட்டையும் குறைந்து, மிஞ்சிய பத்தொன்பது கோழியிலும் நாளைக்கு ஏழு, எட்டுத்தான் கிடைத்தது.

இரண்டு வளவுக்கும் இடையிலுள்ள மதிலில் சிறு படலை ஒன்று இருக்கிறது. கறி பரிமாறுவதும் பிள்ளைகள் ஓடித் திரிவதும் சாச்சி மூன்று வீட்டுக்கும் போய் வருவதும் அதனால்தான். அந்தப் படலையை மூத்தவள் உள்பக்கம் கம்பியால் கட்டிவிட்டாள். கண் தெரியாத சாச்சி வீதியைச் சுற்றிப் போய்ப் பெரிய மகளைப் பார்த்து வரும் நிலை உண்டானது. ஒரு நாள், "முட்டைக்கு ஆசப்பட்டு கூடப்பிறந்தவள இழந்திட்டியே புள்ள" என்று சாச்சி கேட்டாராம். அன்றிரவு தான் உறங்கவில்லை என்றாள் தங்கச்சி.

பூனையை அடைத்து வைத்து, தீனும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணின் கதையைச் சிறு வயதில் ஓதாதவர் நம்மில் யார்? "நான் தீன் கொடுத்தன்தான் ராத்தா. ஆனா அதுகள் நிண்டு திரும்ப ஒரு இடம் கொடுக்கல்லியே" என்று சொன்னபோது அவளுடைய குரல் தழுதழுத்தது.

நாடாவைப் பிடித்தோம்

அடுத்த கிழமையே தங்கச்சி அரச கால்நடை வைத்தியரிடம் போயிருக்கிறாள். கொத்துவதற்கு மருந்து கேட்டவளிடம் அவர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: "கோழிக்கு எத்தனை அடி இடம் இருக்கு?" கொத்துவதற்கு வெக்கை, கடும் வெளிச்சம், தீனில் புரதக் குறைவு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது நெருக்கத்தை. முதலில் வளவை அளந்துவிட்டுப் பிறகு கோழியை எண்ணும்படி சொல்லி அனுப்பினாராம்.

அவள் அன்று போட்ட கணக்கை நானும் என் நாடாவைப் பிடித்து மறுபடி சரிபார்த்தேன். வாசகச் சகோதரிகளும் தங்கள் வளவுக்கு இதே மாதிரிப் போட்டுப் பார்க்கலாம்.

பின்பக்கம் மொத்தம் 32 அடி நீளம், 15 அடி அகலம். அதில் கிணற்றடிக்கு 10 அடி நீளத்தைக் கழித்தோம். மணல் நிலத்தில் எதுவும் இலகுவாகக் கீழே ஊறிக் கிணற்றில் சேரும் என்பதால் கோழி அந்தப் பக்கம் போகவே கூடாது. உடுப்புக் காயப்போடவும் நடக்கவும் இன்னும் 8 அடி. மிஞ்சியது 14 அடி நீளம். மூத்தவளின் மதிலோரமாக 3 அடி விட்டுக் கீரை நட்டிருக்கிறாள். ஆகவே கோழிகளுக்கு உண்மையில் உள்ளது 14 க்கு 12, அதாவது 168 சதுர அடி.

இதில் 24 சதுர அடி கூடு. இரவில் தங்க மட்டும் என்றால் ஒரு கோழிக்கு நான்கு சதுர அடி வேண்டும். 24 ஐ நான்கால் பிரித்தால் ஆறு.

மிஞ்சிய 144 சதுர அடி மேயும் இடம். ஒரு கோழிக்குப் பத்துச் சதுர அடி என்றால் பதினான்கு கோழி விடலாமே என்று தோன்றும். ஆனால் ஒரே இடத்தில் எந்நாளும் மேய்ந்தால் புல் பூண்டு எல்லாம் அழிந்து, எச்சமும் புழுக் கிருமியும் சேர்ந்துவிடும். ஆகையால் தங்கச்சி அதை வலையால் இரண்டாகப் பிரித்திருக்கிறாள். ஒரு பாதியில் கோழி, மறு பாதிக்கு ஓய்வு. சில கிழமைக்கு ஒரு தடவை மாற்றுகிறாள். 72 சதுர அடியைப் பத்தால் பிரித்தால் ஏழு.

கூடு ஆறு என்கிறது, முற்றம் ஏழு என்கிறது. இரண்டில் சிறிய எண்தான் நமது எண். ஆறு கோழி!

சின்னச் சின்ன விடயங்கள்

பழைய கூட்டைத் தங்கச்சி வீசவில்லை. கிணற்றடியிலிருந்து மறு மூலைக்கு மாற்றினாள். அங்கே நான் கண்டவற்றைச் சொல்கிறேன்.

உட்காரும் கம்பு ஒரு கோழிக்கு பத்து அங்குலம் என்ற கணக்கில். ஆறு அடிக் கம்பில் ஆறு கோழி தாராளமாக உட்காருகிறது. முட்டையிட ஓர் அடிச் சதுரப் பெட்டிகள் இரண்டு, வெளிச்சம் குறைந்த பக்கத்தில். நான்கு கோழிக்கு ஒரு பெட்டி போதும்.

தரையில் நான்கு விரல் உயரத்துக்கு நெல் உமி. கிழக்கில் உமிக்குக் குறைவில்லை. ஈரமான இடத்தை அன்றன்றே அள்ளிவிட்டுப் புது உமி போடுகிறாள். "குனிஞ்சி கோழிட தலை உயரத்துக்கு மூக்கைக் கொண்டு போய்ப் பாருங்க. நெடி அடிச்சா உமி மாத்தோணும். நாம நிண்டுகொண்டு மணத்தால் தெரியாது" என்றாள். அள்ளும் உமியைக் குழியில் போட்டு மூடி மக்கவைத்து, சில மாதம் கழித்து வாழைக்கும் கீரைக்கும் போடுகிறாள். பச்சையாகப் போட்டால் வேர் கருகிவிடும்.

கூரைக்குத் தகரத்துக்கு மேல் கிடுகு. கோழிகளின் தலைக்கு மேலே காற்றுப் போகக் கம்பி வலை. அந்த வலையும் சின்னக் கண் வலை. கீரியும் மரநாயும் பெரிய கண்ணுக்குள் புகுந்துவிடும். அடியில் தோண்டி வராதபடி வலையை ஓர் அடி ஆழம் மணலில் புதைத்திருக்கிறாள். மேயும் இடத்துக்கு மேலும் வலை உண்டு. பிறகு ஒரு கோழியும் மதிலைத் தாண்டவில்லை.

நிழலுக்கு முருங்கையும் பப்பாசியும். ஒரு மூலையில் மணலும் சாம்பலும் கலந்து குளிக்க ஒரு இடம். உடம்பில் பேன் சேராமல் இருக்கக் கோழிக்கு அது அவசியம். ஒரு கட்டுக் கீரையைக் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறாள். எட்டி எட்டிக் கொத்துவதிலே அவற்றுக்குப் பொழுது போய்விடுகிறது. முட்டை ஓடு தடிக்க சிப்பித் தூள் ஒரு சிரட்டையில். ராணிக்கெட் நோய்க்குத் தடுப்பு மருந்து காலத்துக்குக் காலம் போட்டுவிடுகிறாள். அந்த நோய் வந்த பிறகு மருந்து கிடையாது. நெருக்கமான கூட்டில் ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வந்துவிடும்.

சேவல் இல்லை. முட்டையிடச் சேவல் தேவையில்லை, குஞ்சு பொரிக்க வைப்பதென்றால்தான் தேவை. ஒட்டிய வீடுகளுக்கு நடுவில் நள்ளிரவில் கூவும் சேவலை யார் விரும்புவார்? முதலில் இருந்த சேவலை வயற்பக்கம் காணி உள்ள மச்சானின் வீட்டுக்கு அனுப்பிவிட்டாளாம். மற்றக் கோழிகளில் சிலவற்றையும் அங்கேயே கொடுத்து, சிலவற்றை அறுத்துச் சமைத்து மூத்தவளின் வீட்டுக்கும் அனுப்பியிருக்கிறாள்.

"வருமானம் குறைந்திருக்குமே?" என்று கேட்டேன். தங்கச்சி சிரித்தாள். ஒரு கோழி நாளைக்குச் சுமார் 115 கிராம் தீன் தின்னும். பத்தொன்பது கோழிக்கு இரண்டு கிலோவுக்கு மேல் போட்டு எடுத்தது எட்டு முட்டை. இப்போது ஆறு கோழிக்கு 700 கிராம் அளவில் போட்டு எடுப்பது நாலு, ஐந்து முட்டை. "இப்பதான் ராத்தா எனக்கு மிஞ்சிது" என்றாள்.

நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே மதிலின் படலை கிரீச் என்று திறந்தது. மூத்தவளின் சின்ன மகள் கையில் ஒரு சட்டியோடு வந்து, அரிசி கழுவிய தண்ணீரையும் கீரைத் தண்டையும் கோழிகளுக்கு வைத்துவிட்டு, பெட்டிக்குள் கையை விட்டு ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு போனாள். யாரிடமும் கேட்கவில்லை! "அது அவட கோழி. ஆறில ஒண்டு மூத்த ராத்தாட பேரில" என்றாள் தங்கச்சி. கம்பி கட்டியிருந்த தழும்பு படலையில் இன்னும் தெரிந்தது.

அக்குறணையில் எங்கள் கணக்கு

மூன்றாம் நாள் திரும்பினேன். கையில் ஒரு சட்டித் தயிரும், உமிக்குள் பொதிந்த பத்து முட்டையும். மலையேறும் பஸ்ஸில் ஒன்றும் உடையவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

மறுநாள் காலை மருமகளும் நானும் பின்பக்கத்தை அளந்தோம். எங்களுடையது மலைச் சரிவு. சமதரையாக உள்ளது 16 அடிக்கு 7 அடி, 112 சதுர அடி. நான்குக்கு நான்கு அடியில் ஒரு கூடு போனால் மிஞ்சுவது 96. இரண்டாகப் பிரித்தால் 48. கூட்டுக் கணக்கும் நாலு, முற்றத்துக் கணக்கும் நாலு.

"நாலே நாலா மாமி?" என்று மருமகளின் முகம் சுருங்கியது. இருபது கோழிக் கனவோடு இருந்த பிள்ளையல்லவா! நான் அவளைக் கூட்டிப் போய்ச் சரிவின் ஓரத்தில் நிறுத்தி, கீழே பார்க்கச் சொன்னேன். எங்கள் வளவில் விழும் மழைத்தண்ணீர் எல்லாம் நேரே போய்ச் சேருவது கீழ் வீட்டுக்காரரின் முற்றத்தில். காத்தான்குடியில் எச்சம் மணலுக்குள் ஊறும். அக்குறணையில் அது மழையோடு அடுத்த வீட்டுக்கு ஓடும். எனவே கூட்டுக்கு நீண்ட தாழ்வாரம், சரிவுப் பக்கம் ஒரு சிறு கட்டு, தண்ணீர் விலகிப் போக ஒரு கான் என்று எங்கள் கணக்கில் மேலும் மூன்று செலவுகள் சேர்ந்தன.

ஒரு பலகைகூட அறுக்கும் முன், அன்று அஸருக்குப் பிறகு இருவருமாகக் கீழ் வீட்டுக்குப் போனோம். உமிக்குள் இருந்த பத்து முட்டையில் நான்கை எடுத்துக்கொண்டு போனேன். விடயத்தைச் சொன்னதும் அந்த வீட்டு மூத்த உம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எத்தனை கோழி புள்ள?" என்று கேட்டார்.

"நாலு" என்றேன்.

"நாலா? அப்ப சரி. போடுங்க" என்று சிரித்துக்கொண்டு எழுந்து, எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனார்.